ஓட்டு இடுக்கு வெளிச்சம்

காலைல குடியாத்தத்துல ஆயா வீட்டுல படுத்திருக்கேன், ஓட்டு இடுக்கு வழியா ஒரு கீத்து வெயில் உள்ள இறங்குது, அதுல தறியில இருந்து பறக்குற பஞ்சுத் தூசி ஒவ்வொண்ணும் தனித்தனியா மின்னுது. கீத்துக்கு வெளிய இருக்குற தூசி எதுவும் கண்ணுக்கே படல.

"இன்னாடி அண்ணாந்து பாத்துனே கீற"ன்னு ஆயா கேட்டுச்சு.

நாங்க லேப்ல ஒரு வருஷமா கட்டிக்கிட்டு இருக்குறது இதைத்தான் ஆயா.

லைட் ஷீட் மைக்ராஸ்கோப். உயிரணுவுக்குள்ள (செல்) ஒளிர்ற சாயம் ஏத்தி, அது மேல வெளிச்சம் அடிச்சுப் பாக்குறது ஃப்ளோரசன்ஸ் மைக்ராஸ்கோப். சாதாரணமா அதுல நாம பாக்குறது ஒரு அடுக்கு, ஆனா வெளிச்சத்தோட அடி வாங்குறது மொத்த செல்லும்.

போன மாசம் ஒரு செல் ரெண்டா பிரியப் போற நேரம். குரோமோசோம் எல்லாம் நடுவுல வரிசை கட்டி நின்னுச்சு. நின்னது நின்னதுதான், பிரியவே இல்ல. கொஞ்ச நேரத்துல ஓரமெல்லாம் குமிழ் குமிழா கிளம்பிடுச்சு. நாங்க பாத்த வெளிச்சமே அதைக் கொன்னுடுச்சு, அன்னைக்கு எனக்கு சாப்பாடு இறங்கல.

லைட் ஷீட்ல வெளிச்சத்தை சில மைக்ரான் (ஒரு மைக்ரான்னா மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு) தடிமன்ல தகடு மாதிரி பக்கவாட்டுல விடுவோம், பாக்குற அடுக்கு மட்டும்தான் ஒளிரும், மத்த இடமெல்லாம் இருட்டுல நிம்மதியா இருக்கும். 1903-லயே சீடன்டோப்ஃப், சிக்மோண்டின்னு ரெண்டு விஞ்ஞானிங்க கண்ணாடிக்குள்ள இருக்குற தங்கத் துகளைப் பாக்க இப்படித்தான் பக்கத்துல இருந்து வெளிச்சம் விட்டாங்க. உயிரோட இருக்குற செல்லுக்கு இது எவ்ளோ பெரிய கருணைன்னு எனக்கு இப்பதான் உறைக்குது.

இப்ப லேபுக்குத் திரும்பிக்கிட்டு இருக்கேன், பஸ் பள்ளிகொண்டா தாண்டிடுச்சு. ராத்திரி 488 நானோமீட்டர் நீல லேசரோட பவரை இன்னும் பாதியா குறைச்சு பாக்கணும்.