குழந்தைக்கு பேதின்னா உடனே ஆன்டிபயாடிக்கா?

கைக்குழந்தைக்கு வயித்தால போச்சுன்னா பதறிப்போய் போன தடவை மிச்சமிருந்த ஆன்டிபயாடிக் சிரப்பை எடுத்து ஊத்தாதீங்க ப்ளீஸ். பச்சக்குழந்தைங்களுக்கு வர்ற பேதி நிறைய ரோட்டா மாதிரி வைரஸால வர்றது, அதுக்கு ஆன்டிபயாடிக் ஒண்ணுமே பண்ணாது, ஆனா குடல்ல ஏற்கனவே இருக்குற ஈ.கோலை மாதிரி பாக்டீரியால மருந்துக்கு சாகுறதெல்லாம் செத்துப்போய் தாக்குப்பிடிக்கறது மட்டும் பெருகிடும். இதுல எனக்கு பெரிய பயமே, மருந்தை எதிர்க்கற ஜீன் பிளாஸ்மிட்ங்கற சின்ன டிஎன்ஏ வளையத்துல உக்காந்துகிட்டு ஒரு பாக்டீரியால இருந்து இன்னொண்ணுக்கு, வேற இனமா இருந்தாலும், தாவிடும்ங்கறதுதான். ரத்தபேதி உண்டாக்குற ஷிகெல்லாங்கற பாக்டீரியாவுக்கும் ஈ.கோலைக்கும் நடுவுல இப்படி நடக்குதுன்னு 1950கள்லயே ஜப்பான்ல கண்டுபிடிச்சிட்டாங்க. அந்த ஷிகெல்லா இப்போ சிப்ரோஃப்ளாக்சசின் வகை மருந்துக்கே அடங்காம போயி, மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களுக்குன்னு உலக சுகாதார நிறுவனம் போட்ட 2024 முன்னுரிமை பட்டியல்லயே இருக்கு. அப்ப நிஜமாவே மருந்து தேவைப்படுற குழந்தைக்கு என்னத்த குடுக்கறது?

சாதாரண பேதிக்கு ஓஆர்எஸ், தாய்ப்பால நிறுத்தவே கூடாது, கூடவே டாக்டர்ட்ட கேட்டு 10-14 நாள் ஜிங்க் (6 மாசத்துக்குள்ளன்னா தினம் 10 மில்லிகிராம், மேலன்னா 20). மலத்துல ரத்தம், கண்ணு குழி விழுந்திருக்கு, பால் குடிக்க மாட்டேங்குது, ஒண்ணுக்கு போகலன்னா வீட்டுல வச்சு பாக்காதீங்க, உடனே ஆஸ்பத்திரிக்கு தூக்கிட்டு ஓடுங்க.