டிரைவ்களுக்குத் தனி ஐகானும் ஆட்டோபிளேவுக்குத் தடையும்

காப்புப் பிரதிக்கு ஒன்று, குடும்பப் புகைப்படங்களுக்கு ஒன்று, அன்றாட வேலைக்கு ஒன்று என்று பல ஹார்டு டிஸ்க்குகளை ஒரே கணினியில் புழங்குகிறவர்களுக்கு, அவை அனைத்தும் ஒரே சாம்பல் நிறப் பெட்டியாக வரிசைகட்டி நிற்பது உண்மையான ஆபத்து. ஃபார்மட் செய்ய வேண்டிய பென்டிரைவுக்கும் பத்து ஆண்டுப் புகைப்படங்கள் கிடக்கும் டிஸ்க்குக்கும் இடையே ஓர் ஆங்கில எழுத்து மட்டுமே வேறுபாடு என்றால், அசதியான நேரத்தில் கை எங்கு போகும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. எனவே டிரைவுக்குத் தனி ஐகான் வைப்பதை நான் அலங்கார வேலையாக எண்ணுவதில்லை. எந்த டிரைவ் எது என்று கண் முதலில் அறிய வேண்டும், அதன் பிறகே கை எதையும் திறக்க வேண்டும். டிரைவைச் செருகியதும் தானே சாளரம் திறக்கும் ஆட்டோபிளே வசதியை அடக்கி வைப்பதும் இதே காரணத்துக்காகத்தான்.

விண்டோஸில் ஐகான் மாற்ற இரண்டு வழிகள் உண்டு. பென்டிரைவுக்கு ஏற்றது ஆட்டோரன் கோப்பு. நோட்பேடைத் திறந்து, முதல் வரியில் சதுர அடைப்புக்குள் ஆட்டோரன் என்றும், அடுத்த வரியில் ஐகான் என்ற சொல், சமக்குறி, படக் கோப்பின் பெயர் என்றும், மூன்றாம் வரியில் லேபிள், சமக்குறி, நாம் விரும்பும் பெயர் என்றும் ஆங்கில எழுத்தில் தட்டச்சு செய்து, ‘ஆட்டோரன்.ஐஎன்எஃப்’ என்ற பெயரில் டிரைவின் முதல் நிலையிலேயே, எந்தக் கோப்புறைக்குள்ளும் போடாமல், சேமிக்க வேண்டும். ஐசிஓ வகைப் படக் கோப்பும் அங்கேயே இருக்கட்டும். டிரைவைக் கழற்றி மீண்டும் செருகினால் புதிய படம் தெரியும். ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்த பென்டிரைவின் சொந்தப் பெயர் 11 எழுத்துகளைத் தாண்ட முடியாது என்பதால், லேபிள் வரி பெரிய உதவி.

படத்தைத் தேர்ந்தெடுப்பதில் அவசரம் வேண்டாம். ஒரே ஐசிஓ கோப்புக்குள் 16, 32, 48, 256 பிக்சல் என்று பல அளவுகளை அடக்கலாம். கிம்ப் மென்பொருளில் ஒவ்வோர் அளவையும் தனி லேயராக வைத்து ஐசிஓவாக ஏற்றுமதி செய்தால் போதும். எக்ஸ்ப்ளோரரின் இடப்பக்கப் பட்டியலில் நாம் பார்ப்பது 16 பிக்சல் படத்தை. அவ்வளவு சிறிய இடத்தில் நுணுக்கமான ஓவியம் கறையாகத்தான் தெரியும். என் காப்புப் பிரதி டிஸ்க்குக்கு முழுச் சிவப்புச் சதுரமும் புகைப்பட டிஸ்க்குக்கு மஞ்சள் வட்டமும் வைத்திருக்கிறேன். அழகில்லைதான், ஆனால் குழப்பமும் இல்லை.

இந்த ஆட்டோரன் கோப்புக்கு ஒரு கசப்பான வரலாறு உண்டு. விண்டோஸ் 95இல் அறிமுகமானபோது, சிடியைப் போட்டவுடன் மென்பொருள் தானே நிறுவத் தொடங்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். படத்தைச் சொல்லும் அதே கோப்பில் எந்த நிரலை இயக்க வேண்டும் என்றும் எழுதலாம். அந்த வசதியே வினையாயிற்று. 2005இல் சோனி பிஎம்ஜி வெளியிட்ட இசை சிடிக்கள் சில, நகலெடுப்பைத் தடுக்கும் மென்பொருளை இதே ஆட்டோரன் வழியாகக் கணினிகளுக்குள் கொண்டுவந்து, அதைக் கணினியின் உரிமையாளருக்கே தெரியாமல் ஒளித்து வைத்தன. கணினிக்குக் கணினி தானே பரவும் தீய நிரலைப் புழு என்பார்கள்; 2008 நவம்பரில் தோன்றிய கான்ஃபிக்கர் புழுவின் பின்வந்த வடிவம் பென்டிரைவ்களில் ஆட்டோரன் கோப்பை எழுதி, அதில் கோப்புறையின் ஐகானையும், ‘கோப்புகளைப் பார்க்கக் கோப்புறையைத் திற’ என்ற பொருளுடைய வாசகத்தையும் வைத்தது. ஆட்டோபிளே சாளரத்தில் இப்போது ஒரே மஞ்சள் கோப்புறைப் படத்துடன், ஒரே வாசகத்துடன் இரண்டு வரிகள் தெரியும். மேலே ‘நிரலை நிறுவு அல்லது இயக்கு’ என்ற தலைப்பின்கீழ் இருப்பது புழு; கீழே பொதுத் தேர்வுகளில் இருப்பதே உண்மையான கோப்புறை. தலைப்பைப் படிக்காமல் படத்தைப் பார்த்துச் சொடுக்கியவர்கள் தாங்களே புழுவை இயக்கினார்கள்.

அதன் பிறகு 2009இல் வந்த விண்டோஸ் 7, பென்டிரைவிலுள்ள ஆட்டோரன் கோப்பின் இயக்கக் கட்டளைகளைப் புறக்கணித்தது. 2011 பிப்ரவரியில் எக்ஸ்பிக்கும் விஸ்டாவுக்கும் அதே மாற்றம் புதுப்பிப்பாக வந்தது. ஐகான், லேபிள் வரிகள் மட்டும் இன்றும் செல்லுபடியாகின்றன. ஆகவே, வெளியிலிருந்து வரும் டிரைவ் எந்த முகத்தையும் அணிந்து வரலாம் என்பதை மறக்கக் கூடாது.

எப்போதும் நம் கணினியோடு இருக்கும் டிஸ்க்குகளுக்கு, விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியின் வழியே சிறந்தது என்பேன், ஏனெனில் அங்கே முகத்தைத் தருவது டிரைவ் அல்ல, நாம்தான். நிர்வாகி உரிமையோடு ரெஜிஸ்ட்ரி எடிட்டரைத் திறந்து, ஹெச்கீ லோக்கல் மெஷின், சாஃப்ட்வேர், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், கரண்ட்வெர்ஷன், எக்ஸ்ப்ளோரர் என்று படிப்படியாக உள்ளே போய், அங்கே ‘டிரைவ்ஐகான்ஸ்’ என்ற கீயையும் (ரெஜிஸ்ட்ரியில் கோப்புறை போன்ற பிரிவு), அதற்குள் முக்காற்புள்ளி இல்லாமல் டிரைவின் எழுத்தை மட்டும் பெயராகக் கொண்ட கீயையும், அதற்குள் ‘டிஃபால்ட்ஐகான்’ என்ற கீயையும் உருவாக்கி, அதன் இயல்பு மதிப்பாக ஐசிஓ கோப்பின் முழுப் பாதையைக் கொடுக்க வேண்டும். தொடும் முன் ரெஜிஸ்ட்ரியை ஏற்றுமதி செய்து வைப்பது நல்லது. இந்த அமைப்பு எழுத்தைப் பார்க்கிறதே தவிர டிஸ்க்கைப் பார்ப்பதில்லை. இன்று ஈ என்ற எழுத்தில் வந்த டிஸ்க் நாளை எஃப் ஆக வந்தால் சிவப்புச் சதுரம் வேறொரு டிரைவின் தலையில் ஏறிவிடும். எனவே முதலில் டிஸ்க் மேனேஜ்மென்ட் கருவியில் எக்ஸ், ஒய் போன்ற கடைசி எழுத்துகளை அந்த டிஸ்க்குகளுக்கு நிலையாக ஒதுக்கிவிட்டு, பிறகே ஐகான் வையுங்கள்.

ஆட்டோபிளே அமைப்பு எளிது. விண்டோஸ் 11இல் செட்டிங்ஸ் பக்கத்தில் ‘ப்ளூடூத் அண்ட் டிவைசஸ்’ பிரிவுக்குள் அது இருக்கிறது. பென்டிரைவுக்கும் மெமரி கார்டுக்கும் தனித்தனித் தேர்வுகள் உண்டு. இரண்டுக்கும் ‘டேக் நோ ஆக்‌ஷன்’ என்று வைத்தால் செருகியதும் எதுவும் திறக்காது. கேமரா கார்டிலிருந்து தினமும் படங்கள் இறக்குபவர்கள் கார்டுக்கு மட்டும் ‘ஆஸ்க் மீ எவ்ரி டைம்’ வைத்துக்கொள்ளலாம். டிவிடி, ஆடியோ சிடி ஆகியவற்றுக்கான தேர்வுகள் பழைய கன்ட்ரோல் பேனலில்தான் கிடைக்கும். வீட்டில் பலர் பயன்படுத்தும் கணினி என்றால், ரெஜிஸ்ட்ரியின் பாலிசிஸ் பகுதியில் ‘நோடிரைவ்டைப்ஆட்டோரன்’ மதிப்பை 255 என்று வைத்து எல்லா வகை டிரைவுக்கும் ஒரேயடியாகத் தடை போடலாம். இது சிடி டிரைவையும் கட்டுப்படுத்தும் என்பது முக்கியம். சில இன்டர்நெட் டாங்கிள்கள் செருகியவுடன் தங்களைச் சிடி டிரைவாகக் காட்டிக்கொண்டு, நிறுவனத்தின் சின்னத்தோடு வந்து நிற்பதைப் பலர் பார்த்திருப்பீர்கள். பென்டிரைவுக்கான தடை அவற்றைத் தொடுவதில்லை.

ஜெராக்ஸ் கடையில் பிரின்ட் எடுக்கக் கொடுத்து வாங்கிய பென்டிரைவ் இன்னொரு வகைக் கவனத்தைக் கேட்கிறது. உள்ளே கோப்புறைகள் வழக்கம்போலத் தெரிந்தாலும், ஒவ்வொன்றின் இடது கீழ் மூலையிலும் சிறிய வளைந்த அம்புக்குறி இருந்தால் அவை கோப்புறைகள் அல்ல, வைரஸ் உருவாக்கிய ஷார்ட்கட்கள். சொடுக்காதீர்கள். எக்ஸ்ப்ளோரரின் வியூ மெனுவில் மறைந்த கோப்புகளைக் காட்டச் சொல்லி, ஃபோல்டர் ஆப்ஷன்ஸில் பாதுகாக்கப்பட்ட சிஸ்டம் கோப்புகளை மறைக்கும் தேர்வையும் எடுத்துவிட்டால், உங்கள் உண்மையான கோப்புறைகள் பெரும்பாலும் மங்கிய நிறத்தில் அதே டிரைவிலேயே இருக்கும். ஆன்டிவைரஸ் சோதனை முடித்த பிறகு அவற்றை மட்டும் நகலெடுத்துக்கொண்டு பென்டிரைவை ஃபார்மட் செய்துவிடலாம்.