குற்றமற்றவன் என்று தீர்ப்பான பிறகு: நஷ்டஈடு கேட்டுப் போன அனுபவம்

மேல்முறையீட்டில் தம்பி விடுதலையானதும் சொந்தக்காரர்கள் கேட்ட முதல் கேள்வி, "கவர்மெண்டு எவ்வளவு கொடுக்கும்?" என்பதுதான். உள்ளே இருந்த நாட்களுக்கு ஒரு தொகை தானாக வந்துவிடும் என்று பலரும் நம்புகிறார்கள். சிங்கப்பூரில் அப்படி வராது. நாம்தான் போய்க் கேட்க வேண்டும், அந்த வாசலும் மிகக் குறுகலானது. எங்கள் குடும்பம் அதில் நுழைந்து பார்த்தது.

தம்பி ஒரு கிடங்கில் ஸ்டோர்கீப்பர். சரக்கு குறைந்தது, முதலாளி போலீசில் புகார் கொடுத்தார். நம்பிக்கை மோசடி என்று தீர்ப்பாகி 8 மாதச் சிறை விதித்தார்கள். தண்டனை விதித்த 14 நாட்களுக்குள் மேல்முறையீட்டு அறிவிப்பைக் கொடுத்துவிட வேண்டும், கொடுத்தோம். அதன் பிறகுதான் விசாரணைப் பதிவும் நீதிபதி எழுதிய காரணங்களும் கைக்கு வரும். அவை கிடைத்ததிலிருந்து இன்னொரு 14 நாள் கெடுவுக்குள் மனு போட வேண்டும். ஜாமீன் தொகையைப் புரட்ட முடியாததால் அவன் சாங்கி சிறைக்குப் போனான். நன்னடத்தைக்காக வழக்கமாகக் கழிக்கும் மூன்றில் ஒரு பங்கு போக மீதியை அனுபவித்து வெளியே வந்த பிறகுதான் மேல்முறையீடு விசாரணைக்கே வந்தது. சின்னத் தண்டனை பெற்றவர்களுக்கு நேரும் பெரிய அநியாயம் இது. நீதி கிடைக்கும்போது திருப்பிக் கொடுக்க நாட்களே மிச்சம் இருப்பதில்லை.

உயர் நீதிமன்றத்தில் எங்கள் வக்கீல் பிடித்துக்கொண்டது ஒரே விஷயத்தை. கிடங்கின் சாவியும் நுழைவு அட்டையும் பலர் கைக்குப் போய்வந்தன, கணக்குக் குறைந்த நாட்களில் சிலவற்றில் தம்பி விடுப்பில் இருந்தான். தீர்ப்பு ரத்தானது. வக்கீல் எங்களிடம் ஒரு வெள்ளிகூட (சிங்கப்பூர் டாலர்) வாங்கவில்லை. இலவச உதவி கேட்கத் தயங்குபவர்களுக்காக ஒன்று சொல்கிறேன்: 2022 டிசம்பரிலிருந்து குற்றம் சாட்டப்பட்டவர்களுக்கு வக்கீல் தர அரசாங்கமே பொதுத் தற்காப்பு அலுவலகம் ஒன்றை நடத்துகிறது. குடிமக்களும் நிரந்தரவாசிகளும் விண்ணப்பிக்கலாம், வருமானத்தைப் பார்ப்பார்கள்.

நஷ்டஈட்டுக்காக நானும் தம்பி மனைவியும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். போன சம்பளம், முதலாளி பங்கோடு போன சிபிஎஃப் (கட்டாயச் சேமிப்பு நிதி), அதனால் நின்றுபோன வீவக (அரசாங்க வீடமைப்புக் கழக) வீட்டுத் தவணை, கட்டாமல் விட்டதால் காலாவதியான காப்பீடு, பிள்ளையின் டியூஷன். எல்லாவற்றையும் ரசீதோடு அடுக்கி எடுத்துப் போனேன்.

வக்கீல் முழுவதையும் பொறுமையாகப் பார்த்தார். "அக்கா, கணக்குச் சரியா இருக்கு. ஆனா கோர்ட் முதல்ல இதைக் கேக்காது," என்றார்.

குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 359வது பிரிவுதான் வழி. விடுதலையானவர், தன்மீது தொடுத்த வழக்கு அடிப்படையே இல்லாதது அல்லது தொல்லை கொடுக்கும் தீய நோக்கம் கொண்டது என்று நிரூபிக்க வேண்டும். நிரூபித்தாலும் உச்சவரம்பு 10,000 வெள்ளி. 2018இல் திருத்துவதற்கு முன் அது வெறும் 1,000 வெள்ளி. வழக்குச் செலவைத் திரும்பக் கேட்கத் தனிப் பிரிவு இருக்கிறது, அதற்கும் இதே நிபந்தனைதான். தம்பி நிரபராதி என்பது தீர்ப்பிலேயே இருந்தது. ஆனால் எங்களிடம் கேட்கப்பட்டதோ அவனைப் பற்றியதல்ல, அரசுத் தரப்பு எப்படி நடந்துகொண்டது என்பது.

பார்த்தி லியானி வழக்கு பலருக்கு நினைவிருக்கும். முதலாளி வீட்டில் திருடியதாகத் தண்டிக்கப்பட்ட இந்தோனேசியப் பணிப்பெண். 2020 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் அவரை விடுவித்தது. தன் இழப்பு 70,000 வெள்ளிக்கு மேல் என்று கணக்குக் காட்டி, சட்டம் அனுமதிக்கும் 10,000 வெள்ளியைக் கேட்டார். 2021 ஜூனில், அவரை விடுவித்த அதே நீதிபதி அந்தக் கோரிக்கையைத் தள்ளுபடி செய்தார். நாடே பேசிய வழக்குக்கே அதுதான் முடிவு. வக்கீல் இதை மறைக்காமல் சொன்னார். தெரிந்தேதான் மனு போட்டோம். தம்பிக்கு அது பதிவில் இருக்க வேண்டும். "காசு வராட்டியும் பரவால்லக்கா, கேக்காம விட்டாங்கன்னு இருக்கக் கூடாது," என்றான்.

தள்ளுபடியானது. புகார் இருந்தது, சாட்சிகள் இருந்தார்கள், ஆகவே வழக்குத் தொடுத்ததற்கு ஓர் அடிப்படை இருந்தது என்பதே காரணம். சட்டம் இப்போது எழுதப்பட்டிருக்கும் விதத்தில் வேறு தீர்ப்பு வர வழியில்லை என்பது எனக்குப் புரிகிறது. சட்டம் எழுதப்பட்டிருக்கும் அந்த விதத்தைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. யாரும் தீய எண்ணத்தோடு செய்யாத தவறிலும் ஒரு மனிதனின் மாதங்கள் போகின்றனவே!

புகார் கொடுத்த முதலாளிமேல் சிவில் வழக்குப் போடலாமா என்றும் யோசித்தோம். அதற்கு அவருடைய தீய நோக்கத்தை நிரூபிக்க வேண்டும், தோற்றால் எதிர்த்தரப்புச் செலவும் நம் தலையில் விழும். விட்டுவிட்டோம்.

கைக்கு வந்த ஒரே பணம் சம்பளப் பாக்கிதான். வேலையை விட்ட 6 மாதத்துக்குள் சம்பளத் தகராறுகளுக்கான முத்தரப்பு அமைப்பில் கோரிக்கை வைக்க வேண்டும். குற்ற வழக்கு முடியட்டும் என்று காத்திருந்தால் அந்தக் கெடு தாண்டிவிடும். வக்கீல் முன்பே எச்சரித்ததால் விசாரணை நடக்கும்போதே மனு செய்து, நிறுத்திவைத்த கடைசி மாதச் சம்பளத்தை வாங்கினோம். இந்த நிலைமையில் இருப்பவர்கள் முதலில் அதைச் செய்யுங்கள். விடுதலைத் தீர்ப்பின் நகலையும் வாங்கி வையுங்கள். புது வேலைக்குப் போகும் இடங்களில் தம்பி அதைத்தான் காட்டுகிறான்.

ஜெர்மனியில் தவறாகச் சிறையில் இருந்த ஒவ்வொரு நாளுக்கும் 75 யூரோ. ஜப்பானில் நாளுக்கு 12,500 யென் வரை. நாகர்கோவில்காரரான விஞ்ஞானி நம்பி நாராயணன் 1994இல் கைதானவர், அவருக்கு 50 லட்சம் ரூபாய் தரும்படி இந்திய உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது 2018இல். அவர் அதற்காக ஆண்டுக்கணக்கில் போராட வேண்டியிருந்தது. நாள் கணக்கு முறையில் அந்தப் போராட்டம் இல்லை. யாருடைய எண்ணம் எப்படி இருந்தது என்று துருவ வேண்டியதில்லை, தண்டனை ரத்தானால் நாட்களை எண்ணிக் கொடுத்துவிடலாம்.

எங்கள் தொகுதி எம்பியின் மக்கள் சந்திப்பு நிகழ்ச்சிக்குப் போய் இதைக் கடிதமாகக் கொடுத்தேன். தம்பிக்காக எதுவும் கேட்கவில்லை, அவன் வழக்கு முடிந்துவிட்டது. 359வது பிரிவுக்குப் பக்கத்தில், தண்டனையை அனுபவித்த பிறகு விடுதலையாகிறவர்களுக்கு நாள் கணக்கில் ஒரு தொகை என்று புதிய பிரிவு சேர்க்க நாடாளுமன்றத்தில் கேள்வி எழுப்பும்படி கேட்டிருக்கிறேன்.