குடும்ப ஜெபமும் கூலிப் பாக்கியும்

குடும்ப ஜெபம் பாதியில் நின்றுபோகப் பெரும்பாலும் அதன் நீளம்தான் காரணம். 10 நிமிடம் போதும்: சில வசனங்கள், பிள்ளைகளிடம் ஒரே ஒரு கேள்வி, ஆளுக்கு ஒரு வரி ஜெபம். அப்பா பிரசங்கம் பண்ண ஆரம்பித்தால் பிள்ளைகளுக்குத் திடீரென்று வீட்டுப்பாடம் நினைவுக்கு வரும். (போதகர் வீட்டில் இந்த ஆபத்து இன்னும் அதிகம்!)

இந்த வாரம் வேதாகமத்தில் உபாகமம் 24-ஆம் அதிகாரம் எடுங்கள். 14, 15 வசனங்களில் கூலியை அன்றைக்கே, பொழுது சாயுமுன் கொடுக்கச் சொல்லியிருக்கிறது. சொந்த ஜனத்துக்கும் அந்நியனுக்கும் ஒரே சட்டம். 19 முதல் 21 வரை, வயலில் மறந்த அரிக்கட்டும் ஒலிவ மரத்திலும் திராட்சைத் தோட்டத்திலும் மிஞ்சியதும் பரதேசிக்கும் (அதாவது அந்நியனுக்கும்) திக்கற்றவனுக்கும் விதவைக்கும் உரியவை. யார் முன்னும் கைகட்டி நிற்க வேண்டாம். அவர்களே போய்ப் பொறுக்கிக்கொள்ளலாம். எனக்கு இந்த இடம்தான் ரொம்பப் பிடிக்கும்.

வாசித்த கையோடு வீட்டுக் கணக்கையும் பாருங்கள். வீட்டு வேலைக்கு வருகிறவருக்குச் சம்பளத் தேதி நிச்சயமா? காய்ச்சலில் வராத நாளுக்குப் பிடித்தமா? வார ஓய்வு உண்டா? வேலைக்காரனும் உன்னைப்போல இளைப்பாறவே ஓய்வுநாள் என்கிறது உபாகமம் 5:14.

சபைக் கமிட்டிக்கும் ஒரு வார்த்தை. காணிக்கை குறைந்த மாதத்தில் முதலில் தள்ளிப்போவது ஆலயம் பெருக்குகிறவரின் சம்பளம். ஒலிபெருக்கித் தவணை தள்ளிப்போகட்டுமே.