பழைய லேப்டாப், டெபியன் 11, வைஃபைக்காக மூன்று இரவுகள்

பத்து வருடத்துக்கும் மேல் ஆன லேப்டாப் ஒன்று அலமாரியில் சும்மா கிடந்தது. லினக்ஸ் போட்டுச் சின்னச் சின்ன வேலைகளுக்கு ஓடவிடலாம் என்று எடுத்தேன். கையில் இருந்த பென்டிரைவில் டெபியன் 11 என்ற லினக்ஸ் வகை இருந்தது, புதிதாக இறக்கச் சோம்பல்பட்டு அதையே செருகினேன். நிறுவும்போது நடுவில் ஒரு திரை வந்தது: இந்த வன்பொருளுக்குச் சில ஃபர்ம்வேர் கோப்புகள் தேவை, வேறு டிரைவில் வைத்திருக்கிறீர்களா என்று கேட்டது. முழுதாகப் படிக்காமலே 'இல்லை' என்று தட்டிவிட்டு அடுத்ததற்குப் போனேன். பின்னால் பட்ட பாட்டுக்கெல்லாம் பிள்ளையார் சுழி போட்டது அந்தத் தட்டல்தான்.

டெஸ்க்டாப் அழகாக வந்தது, வைஃபை மட்டும் இல்லை. நெட்வொர்க் இணைப்புகளைக் காட்டும் ஐபி லிங்க் கட்டளையைக் கொடுத்தால் லூப்பேக்கும் (கணினி தன்னோடு தானே பேசிக்கொள்ளும் வழி) கம்பிவழி ஈத்தர்நெட்டும் தெரிகின்றன, மூன்றாவதாக ஒன்றுமே இல்லை. முதல் இரவு நான் செய்தது முழுக்க அசட்டுத்தனம். எப்போதோ சேமித்து வைத்திருந்த பழைய செய்முறைக் குறிப்பு ஒன்றைத் திறந்து, அதில் சொன்னபடியே இடிசி அடைவில் உள்ள நெட்வொர்க் இன்டர்ஃபேசஸ் கோப்பில் வைஃபை பெயர், கடவுச்சொல் எல்லாம் எழுதி, ரீபூட் செய்து, மறுபடி எழுதி, மறுபடி ரீபூட் செய்து, கடைசியில் கண் எரிய ஆரம்பித்ததும் மூடி வைத்துவிட்டுப் படுத்தேன். கார்டே உயிரோடு இல்லாதபோது கடவுச்சொல்லை எங்கே எழுதி என்ன பயன்?

அடுத்த நாள்தான் டிமெசேஜ் கட்டளை போட்டு, லினக்ஸின் மையமான கர்னல் எழுதிவைக்கும் பதிவைப் பார்க்கத் தோன்றியது. பளிச்சென்று இருந்தது: ஃபர்ம்வேர் கோப்பை ஏற்ற முடியவில்லை, கோப்பின் பெயர் இது, அடைப்புக்குறிக்குள் மைனஸ் 2. இந்த மைனஸ் 2 ஏதோ மர்ம எண் இல்லை, 'அப்படி ஒரு கோப்பே இல்லை' என்பதற்கான கர்னல் குறியீடு, அவ்வளவுதான். வன்பொருள்களைப் பட்டியலிடும் எல்எஸ்பிசிஐ கட்டளையை 'கே' விருப்பத்தோடு ஓட்டியபோது இயக்கி (டிரைவர்) சரியாகவே அமர்ந்திருப்பதும் தெரிந்தது. இங்கேதான் எனக்கு வெகுநாள் குழப்பம். இயக்கி வேறு, ஃபர்ம்வேர் வேறு. இயக்கி நம் கணினியின் செயலியில் ஓடுவது, கர்னலோடு வந்துவிடும். ஃபர்ம்வேர் வைஃபை கார்டுக்குள் இருக்கும் குட்டிச் செயலியில் ஓடுவது. பல கார்டுகள் அதைத் தம்மிடம் நிரந்தரமாக வைத்துக்கொள்வதில்லை, ஒவ்வொரு முறை இயங்கத் தொடங்கும்போதும் இயக்கிதான் லிப் ஃபர்ம்வேர் அடைவிலிருந்து எடுத்து ஊட்டவேண்டும். அந்தக் கோப்புகளுக்கு மூலநிரல் கிடையாது என்பதால் டெபியன் அவற்றை நான்-ஃப்ரீ என்று தனியே ஒதுக்கி வைத்திருந்தது. 2022இல் டெபியன் உருவாக்குநர்கள் இதற்காகவே ஓட்டெடுப்பு நடத்தி, 2023 ஜூனில் வந்த டெபியன் 12 முதல் நிறுவும் வட்டிலேயே ஃபர்ம்வேரைச் சேர்த்துவிட்டார்கள். சோம்பல்படாமல் புதியதை இறக்கியிருந்தால் இந்தக் கதையில் பாதி நடந்தே இருக்காது.

சரி, இப்போது ஃபர்ம்வேரை இறக்க இணையம் வேண்டும், இணையத்துக்கு ஃபர்ம்வேர் வேண்டும். ஈத்தர்நெட் கேபிளும் கையில் இல்லை. கைகொடுத்தது போன்தான்: யூஎஸ்பி கேபிளில் மாட்டி, போனின் இணையத்தைப் பகிரும் யூஎஸ்பி டெதரிங்கை இயக்கியதும் லேப்டாப் அதைக் கம்பிவழி நெட்வொர்க் கார்டாக எடுத்துக்கொண்டது. அதற்கான இயக்கி கர்னலிலேயே இருக்கிறது, தனி ஃபர்ம்வேர் எதுவும் கேட்காது. போன் வீட்டு வைஃபையில் இருந்ததால் மொபைல் டேட்டாகூடச் செலவாகவில்லை. மென்பொருள்களை எங்கிருந்து இறக்குவது என்று சொல்லும் சோர்சஸ் லிஸ்ட் கோப்பில் நான்-ஃப்ரீ என்ற சொல்லைச் சேர்த்து, ஏபிடி அப்டேட் கொடுத்துப் பட்டியலைப் புதுப்பித்து, கார்டுக்குரிய ஃபர்ம்வேர் தொகுப்பை நிறுவி ரீபூட் செய்தேன். டபிள்யூஎல்பி3எஸ்0 என்று ஒரு பெயர் எட்டிப் பார்த்தது! பிசிஐ பஸ் 3, ஸ்லாட் 0 என்பதைத்தான் அந்தப் பெயர் சொல்கிறது. பழைய குறிப்பில் டபிள்யூலேன்0 என்று இருந்ததால் உற்சாகத்தில் இன்டர்ஃபேசஸ் கோப்பிலும் பெயரை மாற்றி வைத்தேன். இது அப்புறம் காலை வாரிவிட்டது.

பெயர் வந்தது, இணைப்பு வரவில்லை. கார்டை அப் செய்யச் சொன்னால் 'ஆர்எஃப்-கில் காரணமாக இயலாது' என்ற பதில். ஆர்எஃப்-கில் என்பது வயர்லெஸ்ஸை அணைத்து வைக்கும் பூட்டு. ஆர்எஃப்கில் லிஸ்ட் பார்த்தால் சாஃப்ட் பிளாக் (மென்பொருள்வழிப் பூட்டு) இல்லை, ஹார்ட் பிளாக் ஆம். அப்படியும் விடாமல் ஆர்எஃப்கில் அன்பிளாக் ஆல் என்று எத்தனை முறை அடித்தேன் என்று எண்ணவில்லை. ஹார்ட் பிளாக் என்றால் மின்சுற்றிலேயே அணைத்து வைத்திருக்கிறது, எந்தக் கட்டளையாலும் எழுப்ப முடியாது. லேப்டாப்பைத் தலைகீழாகத் திருப்பியபோதுதான் முன்விளிம்பில் நகத்தளவு நகர்த்து சுவிட்ச் ஒன்று கண்ணில் பட்டது. தள்ளினேன், விளக்கு எரிந்தது.

மூன்றாவது இரவு. இணைப்புகளைக் கவனிக்கும் நெட்வொர்க்மேனேஜர் நிரலிடம் என்எம்சிஎல்ஐ டிவைஸ் என்று கேட்டால் வைஃபை வரிசையில் 'அன்மேனேஜ்டு'. காரணம் நானேதான். இன்டர்ஃபேசஸ் கோப்பில் ஒரு கார்டின் பெயர் இருந்தால், அது வேறு யாரோ பார்த்துக்கொள்ளும் கார்டு என்று நெட்வொர்க்மேனேஜர் ஒதுங்கிக்கொள்ளும், டெபியனில் அதுதான் இயல்பு அமைப்பு. முதல் இரவு எழுதிய வரிகளை எல்லாம் அழித்து, நெட்வொர்க்மேனேஜரை ரீஸ்டார்ட் செய்ததும் அக்கம்பக்கத்து வைஃபை எல்லாம் வரிசையாகத் தெரிந்தன. இணைக்கும்போது ஆஸ்க் விருப்பம் கொடுத்தால் கடவுச்சொல்லைத் தனியாகக் கேட்கும், முனைய வரலாற்றில் அது பதிந்து கிடக்காது.

இத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். ஆனால் வேறு கணினியிலிருந்து எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து நுழையும் வழி) மூலம் இதற்குள் நுழைந்தால் தட்டும் எழுத்து திக்கித் திக்கி வந்தது. அங்கிருந்து பிங் செய்து பதில் வர ஆகும் நேரத்தைப் பார்த்தால் ஒரு சமயம் 3 மில்லிசெகண்ட், மறுசமயம் 100ஐத் தொடுகிறது. அந்த 100தான் துப்பு. மின்சேமிப்பு முறையில் கார்டு தூங்கும், அதற்கு வரும் தரவுப் பொட்டலங்களை ரவுட்டர் பிடித்து வைத்துக்கொண்டு பீக்கன் என்ற தன் அறிவிப்பில் சொல்லும், அந்த அறிவிப்பு வழக்கமாக 102.4 மில்லிசெகண்டுக்கு ஒருமுறைதான் வரும். ஐடபிள்யூ கட்டளையால் 'பவர் சேவ்' என்ற அந்த மின்சேமிப்பை அணைத்ததும் எண்கள் ஒரே சீராகிவிட்டன. ரீபூட் செய்தால் இது மறந்துபோகும் என்பதால் நெட்வொர்க்மேனேஜரின் கான்ஃப்டி அடைவில் சிறு கோப்பு ஒன்று வைத்து வைஃபை பவர்சேவ் மதிப்பை 2 ஆக்கினேன். 2 என்றால் அணை, 3 என்றால் இயக்கு, இதை யார் இப்படி வைத்தார்களோ! பேட்டரி கொஞ்சம் சீக்கிரம் தீரும், இந்த லேப்டாப் எப்போதும் சார்ஜரிலேயே இருப்பதால் எனக்குக் கவலையில்லை.

அடுத்து டெபியன் 12க்கு மேம்படுத்தவேண்டும். அதில் ஃபர்ம்வேர் தொகுப்புகள் நான்-ஃப்ரீ-ஃபர்ம்வேர் என்ற புதிய பிரிவுக்கு மாறிவிட்டன, சோர்சஸ் லிஸ்டில் அதைச் சேர்க்காவிட்டால் அவற்றுக்குப் புதுப்பிப்பு வராது. யூஎஸ்பி கேபிளை லேப்டாப் பைக்குள்ளேயே போட்டு வைத்திருக்கிறேன்.