சாட்சி விசாரணைப் பயிற்சிக்கு ஒரு வழக்குக் கட்டு கிடைத்த விதம்

டெல்டா மாவட்டச் சட்டக் கல்லூரி ஒன்றில் இறுதியாண்டு மாணவர்களுக்குச் சாட்சி விசாரணைப் பயிற்சி அளிக்க முன்வந்தபோது, அனுமதியும் வகுப்பு நேரமும் எளிதில் கிடைத்துவிட்டன. வழக்குக் கட்டுதான் கிடைக்கவில்லை. முதல் தகவல் அறிக்கை, காவல்துறையிடம் சாட்சிகள் அளித்த வாக்குமூலங்கள், காயச் சான்றிதழ், சம்பவ இடத்தைப் பார்த்துக் காவல்துறை எழுதும் பார்வை மகஜர் ஆகியவை கையில் இல்லாமல் குறுக்கு விசாரணையைக் கற்றுத்தர இயலாது.

முடிந்துபோன அடிதடி வழக்கொன்றின் சான்று நகல்களைக் கேட்டு, முதல்வரின் கடிதத்துடன் நீதிமன்ற நகல் பிரிவுக்குச் சென்றோம். வழக்கின் தரப்பினர் அல்லாதவர் நகல் கேட்டால், காரணத்தை விளக்கும் பிரமாண வாக்குமூலத்துடன் மனுச் செய்து நீதிபதியின் உத்தரவைப் பெற வேண்டும். அந்த விதியின் மீது எனக்குக் குறையில்லை. அதை முதலிலேயே சொல்லாமல், கட்டண வில்லை போதாது என்றும், பதிவறைப் பொறுப்பாளர் விடுப்பில் இருக்கிறார் என்றும், திருவையாற்றிலிருந்தும் பாபநாசத்திலிருந்தும் பேருந்து மாறி வந்த மாணவிகளை நகல் பிரிவு எழுத்தர் மீண்டும் மீண்டும் அலையவிட்டதை இன்றும் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. கடிதத்தை நம்பிப் போகாதீர்கள், மனுவோடு போங்கள்.

இந்திய பார் கவுன்சிலின் 2008ஆம் ஆண்டு விதிகள், ஓர் உரிமையியல் வழக்கையும் ஒரு குற்ற வழக்கையும் மாணவர் நேரில் கவனிக்க வேண்டும் என்கின்றன. அதற்காகச் சென்ற நாளில் சாட்சி வராமல் வழக்கு வாய்தாவுக்குப் போயிற்று. சாட்சிக்குச் சம்மன் சேர்ந்துவிட்டதா என்று அரசு வழக்கறிஞரிடம் விசாரித்த பிறகே மாணவர்களை அழைத்துச் செல்வது நல்லது.

இறுதியில், ஓய்வுபெற்ற அரசு வழக்கறிஞர் ஒருவரின் துணையுடன் கட்டை நாங்களே தமிழில் உருவாக்கினோம். குறுவை நடவின்போது இரவில் மடை திறப்பதில் எழுந்த தகராறு; மண்வெட்டிக் காம்பால் அடி. தாக்கியவரை நிலா வெளிச்சத்தில் பார்த்ததாகக் காவல்துறையிடம் சொன்ன சாட்சி, கூண்டில் மோட்டார் கொட்டகை விளக்கில் பார்த்ததாகச் சொல்வார். சாட்சியாக நிற்க உண்மையான விவசாயி ஒருவரையே அழைத்தோம்.

முதல் சுற்றில் எதிரித் தரப்புக்காக, அதாவது குற்றம் சாட்டப்பட்டவருக்காக, வாதாடிய மாணவி, "அந்த நேரத்தில் ஏன் அங்கே போனீர்கள்?" என்று கேட்டுவிட்டார். "முறைத் தண்ணி எங்களுக்கு ராத்திரியிலதாம்மா வரும், விட்டா நாத்து காஞ்சிடும்" என்று அந்த விவசாயி சொன்னதும், சாட்சி அங்கு இருந்தது ஐயமின்றி நிலைபெற்றுவிட்டது. குறுக்கு விசாரணையில் 'ஏன்' கூடாது என்பதை எந்த விரிவுரையும் அவ்வளவு அழுத்தமாகப் புரியவைத்திருக்காது.

இன்னொரு எச்சரிக்கை: கையேடுகள் பலவற்றில் சாட்சியை அவரது முன் வாக்குமூலத்தைக் கொண்டு முரண்படுத்துவதற்கு இன்னும் பழைய சாட்சியச் சட்டத்தின் 145ஆம் பிரிவே இருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷிய அதினியத்தில் அது 148ஆம் பிரிவு. முன் வாக்குமூலத்தின் குறிப்பிட்ட பகுதியைச் சாட்சிக்குச் சுட்டிக்காட்டிய பிறகே முரண்பாட்டை நிறுவ முடியும். சாட்சி மறுத்தால், புலனாய்வு அதிகாரி கூண்டேறும்போது அவரிடம் கேட்டு அதை மெய்ப்பிக்க வேண்டும். இந்த இரண்டாவது படியை மாணவர்கள் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள். அதே மாணவி அடுத்த சுற்றில் இரண்டையும் பிசகாமல் செய்தபோது, நீதிபதி இருக்கையில் இருந்த அந்த ஓய்வுபெற்ற அரசு வழக்கறிஞர் பேனாவை வைத்துவிட்டுக் கைதட்டினார்.

அடுத்த பருவத்துக்குக் குத்தகைத் தகராறு ஒன்றை வைத்து உரிமையியல் கட்டைத் தயாரித்து வருகிறோம். அங்கே முதல் விசாரணை, அதாவது சாட்சி தன்னை அழைத்த தரப்புக்குச் சொல்லும் சாட்சியம், பிரமாண வாக்குமூலமாகவே தாக்கலாகும் என்பதால், சாகுபடி விவரம் பதியும் கிராமக் கணக்கான அடங்கலையும் குத்தகை ரசீதுகளையும் பார்த்து அதை எழுதும் வேலையை மாணவர்களிடமே விட்டிருக்கிறோம்.