கெட்டிமேளத்துக்கு முந்திய ஹாரன்

மச்சானுடைய கார் சாவி தொலைந்தது தஞ்சாவூரில், அவருடைய தங்கை கல்யாணத்துக்கு முந்தின நாள் ராத்திரி, ரிசப்ஷன் முடிகிற நேரத்தில். "கார் எங்கே போகப் போகுது, காலையில தேடிக்கலாம்" என்று அவர் படுக்கப் போயிருப்பார். அப்பாயிதான் விடவில்லை. அவருடைய பல்செட்டு காருக்குள் இருந்தது. வரும் வழியில் ஈறு வலிக்கிறது என்று கழற்றி டப்பாவில் போட்டு, டப்பாவை டேஷ்போர்டுக்குள் வைத்துவிட்டார்.

"ராத்திரி இடியாப்பத்தைப் பாலில் ஊற வச்சு முழுங்கிட்டேன். காலையில வடை போடுவாங்க. எனக்குப் பல்லு வேணும்" என்றார். பேரனுக்கு அது கோர்ட்டு உத்தரவு.

ஜமுக்காளத்தை உதறினோம். மேடைப் பூவைக் கிளறினோம். தூங்கிக்கொண்டிருந்த வீடியோகாரரின் பையைக்கூட ஒருவர் துழாவினார், அது கொஞ்சம் ஓவர். சாவி இல்லை. மாற்றுச் சாவி கும்பகோணத்தில், வீட்டு பீரோவில். நாற்பது கிலோமீட்டர். அங்கே இருந்த தம்பிக்கு போன் போட்டு முதல் பஸ்ஸில் கிளம்பச் சொன்னோம்.

அதற்குள் சும்மா இருக்க முடியுமா? விடிந்ததும் யாரோ ஒரு சாவிக்காரரை டிவிஎஸ் ஃபிஃப்டியில் அழைத்து வந்துவிட்டார்கள். கதவு இடுக்கில் பிபி பார்க்கும் பட்டை மாதிரி ஒரு பையைச் செருகி, பம்ப்பை அழுத்தி அழுத்திக் காற்றடித்தார். விரல் நுழைகிற அளவுக்கு இடைவெளி வந்ததும் நீளக் கம்பியை விட்டு உள் லாக்கை நெம்பினார். கை அசையாமல் வேலை செய்கிற மனுஷன். "சார், ரிமோட்ல லாக் பண்ணியிருக்கீங்க. கதவு திறந்தா கத்தும், பரவாயில்லையா?" என்று முறையாகக் கேட்கவும் செய்தார். மச்சான் காதில் அது ஏறவில்லை.

உள்ளே ஐயர் மாங்கல்யத்தைத் தட்டில் சுற்றி எடுத்துவந்து கொண்டிருந்தார். தவில்காரர் அவருடைய ஒற்றை விரலையே பார்த்தபடி குச்சியை ஓங்கியிருந்தார். அந்த நொடியில் கதவு திறந்தது.

பாம் பாம் பாம் பாம்!

வாசலில் நாலு மூலை இண்டிகேட்டரும் மின்ன, ஹாரன் அலறுகிறது. தவில்காரருக்கு என்ன தோன்றியதோ, அடித்துவிட்டார். நாதஸ்வரம் பின்னாலேயே வந்தது. பின் வரிசையில் இருந்தவர்கள் எழுந்து அட்சதையைத் தூவிவிட்டார்கள். மாப்பிள்ளை கையில் இன்னும் தாலியே வரவில்லை. ஐயர் மைக்கில் "கொஞ்சம் இருங்கோ, கொஞ்சம் இருங்கோ" என்கிறார், ஹாரனுக்கும் சேர்த்து.

வெளியே மச்சான் பயத்தில் கதவை அடித்துச் சாத்தினார். அரை நிமிஷத்தில் ஹாரன் ஓய்ந்தது. திறந்தால் மறுபடி கத்தியது. "பேட்டரி ஒயரைக் கழட்டுங்க" என்றார் ஒரு பெரியப்பா. பேட்டரி பானெட்டுக்கு அடியில். பானெட்டைத் திறக்கிற லீவர் காருக்கு உள்ளே, ஸ்டியரிங்குக்குக் கீழே. ஆக, சத்தத்தை நிறுத்தப் போகிறவன் முதலில் சத்தம் போட வைக்க வேண்டும். இதை யோசித்து வடிவமைத்தவருக்குத் திருடர்களிடம் நல்ல பழக்கம் இருந்திருக்கிறது. பத்தாம் நம்பர் ஸ்பேனர் கேட்டு சமையல்கட்டுக்கு ஓடியவன் ஜல்லிக்கரண்டியோடு வந்தான். கடைசியில் ஜெனரேட்டர் ஆபரேட்டர்தான் ஸ்பேனர் கொடுத்து மானத்தைக் காப்பாற்றினார்.

தாலி கட்டியாயிற்று. அப்பாயி பல்லை மாட்டிக்கொண்டு முதல் பந்தியில் உட்கார்ந்தார்.

"ஒயரை மாட்டினா விட்ட இடத்துலேர்ந்து கத்தும் சார்" என்று சாவிக்காரர் எச்சரித்துவிட்டுப் போயிருந்தார். தம்பி மாற்றுச் சாவியோடு வந்ததும் மாட்டினோம், கத்தியது. மாற்றுச் சாவியில் ரிமோட் பட்டன் கிடையாது. ஆனால் அதன் கைப்பிடிக்குள் சின்னதாக ஒரு சிப் உண்டு. அதற்குத் தனி பேட்டரி இல்லை. சாவித் துவாரத்தைச் சுற்றியிருக்கும் காயிலிலிருந்தே மின்சாரம் வாங்கி, தன் ரகசிய எண்ணைச் சொல்லும். அதைக் கேட்டால்தான் இன்ஜின் மசியும். சாவியைப் போட்டு ஒரு திருகு, சட்டென்று அமைதி. அந்த அமைதியில்தான் உள்ளே பாயசத்துக்குச் சண்டை நடப்பது கேட்டது.

பிறகு மச்சான் ஷோரூம் போனார். ஆர்சி, ஆதார், போலீஸில் புகார் கொடுத்த ரசீது எல்லாம் கேட்டார்கள், வீட்டில் இருக்கும் சாவியையும் கொண்டுவரச் சொன்னார்கள். தொலைந்த சாவியின் எண்ணை அழித்துவிட்டுப் புதுச் சாவியைப் பதிந்து கொடுத்தார்கள். தொகையை மச்சான் இதுவரை அக்காவிடம்கூடச் சொல்லவில்லை.

எல்லாம் முடிந்த பிறகு அரியலூரிலிருந்து ஒரு மாமா வந்தார். ரிசப்ஷனில் கொடுத்த தாம்பூலப் பையை ஆணியில் மாட்டியிருந்தாராம். சட்னிக்குத் தேங்காய் எடுத்தபோது கூடவே சாவி வந்ததாம். அன்றைக்கு வாசலில் நின்று பை கொடுத்துக்கொண்டிருந்தது மச்சான்தான்.

"தேங்காயோட காரும் சேர்த்துக் குடுக்கிற வழக்கம் உங்க பக்கம் உண்டு போலன்னு நினைச்சேன் மாப்ளே" என்றார் மாமா.

சிப் எண் அழிந்துவிட்டதால் அந்தச் சாவிக்கு இன்ஜின் இனிக் கிளம்பாது. பட்டனும் வேலை செய்யாது. மச்சான் அதைத் தன் பையனுக்கு விளையாடக் கொடுத்துவிட்டார். ஆனால் இரும்பு இரும்புதானே, கதவுப் பூட்டை இன்னும் திறக்கும். திறந்தால் என்ன ஆகும் என்பதைப் பையன் நேற்று மத்தியானம், தெரு முழுக்கத் தூங்கும் நேரத்தில் கண்டுபிடித்துவிட்டான்.